நங்கூரத்தில் நின்ற 60,000 டன் கோதுமை

2022 செப்டம்பரில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே 24 நாட்கள் நங்கூரம் போட்டு நின்றோம். நாங்கள் 22 பேர், எங்கள் கப்பல், அதன் ஏழு ஹோல்டுகளில், அதாவது சரக்கு அறைகளில், 60,000 டன் கோதுமை. ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு. ஏற்றி முடிக்க நான்கு நாள், கடலில் ஒன்பது நாள். அப்புறம் நின்ற இடத்திலேயே 24 நாள்.

எந்தத் துறைமுகம் என்று எழுதப் போவதில்லை. அந்த வருடம் அதே நிலைமையில் பல நாடுகள் இருந்தன. ஒன்றின் பெயரைச் சொன்னால் அது அந்த ஒரு நாட்டின் கதையாகச் சுருங்கிவிடும்.

நான் அப்போது சீஃப் ஆபீசர். சரக்கு என் பொறுப்பு. தினமும் காலையில் டெக்கில் ஒரு சுற்று வருவேன். ஹாட்ச் மூடியின் ரப்பர் விளிம்பில் ஈரம் இருக்கிறதா, ஹோல்டுக்குள் சூடு ஏறுகிறதா, வெளிக்காற்றை உள்ளே விடலாமா கூடாதா என்று பார்த்துக் குறித்து வைப்பது வேலை. வழியில் பூச்சிக்காக பாஸ்பின் புகை போட்டிருந்தோம். அது முழுக்க வெளியேறிவிட்டது என்று மீட்டர் காட்டிய பிறகு, நான்காம் ஹோல்டின் மேன்ஹோலைத் திறந்து பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் மணல் மேடு மாதிரி கிடந்தது. ஏணியில் இரண்டு படி இறங்கிக் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. உள்ளே இளஞ்சூடு, உலர்ந்த வைக்கோலின் வாசனை. நல்ல சரக்கு.

இரவில் நகரத்தின் விளக்குகள் தெரியும். கரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் கூட இருக்காது. அந்த நகரத்தில் மாவு தட்டுப்பாடு, ரொட்டி விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஃபிட்டர் தமிழ்ப் பையன். ஒரு நாள் சாயங்காலம் ரெயிலிங்கில் சாய்ந்துகொண்டு கேட்டான்: “சார், அங்க கோதுமை இல்லேங்கிறாங்க. நம்மகிட்ட கப்பல் நிறைய இருக்கு. அப்புறம் ஏன் சார் இங்கயே நிக்கறோம்?”

வாங்கியவரின் வங்கியிடம் டாலர் இல்லை, அவ்வளவுதான் காரணம். பணம் கட்டினால்தான் பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கின் உரிமைப் பத்திரம், கைமாறும். அந்தக் காகிதம் கைமாறாமல் ஒரு மணி கோதுமை கூட கப்பலை விட்டு இறங்காது. அவனிடம் இதைத்தான் சொன்னேன். “டாலர் ஏன் சார் இல்ல?” என்றான். அதற்குமேல் என்னால் ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து படித்தும் யோசித்தும் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உலகம் ஒரு வருடத்தில் விளைவிக்கும் தானியம் சுமார் 280 கோடி டன். மக்கள் 800 கோடி. வகுத்தால் தலைக்கு வருடத்துக்கு 350 கிலோ, நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ தானியத்தில் 3,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. காய், பழம், பருப்பு, எண்ணெய், மீன் எதையும் இதில் சேர்க்கவில்லை. அதே உலகத்தில் 2024-ல் பட்டினியில் இருந்தவர்கள் சுமார் 67 கோடி பேர் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிடுகின்றன. சத்தான சாப்பாட்டுக்குச் செலவு செய்ய வழியில்லாதவர்கள் 260 கோடி.

சரி, அந்த ஒரு கிலோ எங்கே போகிறது? மனிதர் நேராகச் சாப்பிடுவது பாதிக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீவனம். மிச்சம் எரிபொருள், தொழிற்சாலை, விதை, சேதாரம். அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைகளுக்குப் போகிறது; பிழிந்த சக்கையில் ஒரு பகுதி தீவனமாகத் திரும்பி வரும் என்பது வேறு விஷயம். வண்டியின் டாங்கியும் வயிறும் ஒரே சந்தையில் ஏலம் கேட்கின்றன. கச்சா எண்ணெய் விலை ஏறினால் எத்தனாலுக்கு மவுசு கூடும், அதனால் மக்காச்சோளம் ஏறும், அதைப் பார்த்து விவசாயி கோதுமையை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறுவார், அடுத்த வருடம் கோதுமையும் ஏறும். வண்டியே இல்லாதவர் வீட்டு மாவு விலையில் பெட்ரோல் விலை வந்து உட்காருவது இப்படித்தான்.

இதை அரைகுறையாகப் படித்துவிட்டு “உணவு ஏராளமாக இருக்கிறது, பற்றாக்குறை என்பதே கட்டுக்கதை” என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சில இடங்களில் உணவு நிஜமாகவே இல்லை. 2024-ல் சூடானின் ஜம்ஜம் முகாமிலும் 2025-ல் காஸாவிலும் பஞ்சம் என்று நிபுணர்கள் அறிவித்தபோது, அங்கே போகும் வழியைப் போர் அடைத்திருந்தது. காசு இருந்தாலும் வாங்கப் பொருள் இல்லாத பட்டினி அது. மற்ற பெரும்பாலான இடங்களில் கடையில் பொருள் இருக்கிறது, கையில் காசு இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் செய்கிற உதவியும் தப்பாகப் போகும்.

அமர்த்தியா சென் இதை 1981-லேயே விரிவாக எழுதினார். 1943-ல் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள். அவர் கணக்கிட்டபடி அந்த வருடம் அங்கே இருந்த உணவு, பஞ்சமே வராத 1941-ஐ விட அதிகம். போர்ச் செலவால் நகரத்தில் பணம் புரண்டு அரிசி விலை பல மடங்கு ஏறியது. கிராமத்துக் கூலிக்காரருக்கும் மீனவருக்கும் வருமானம் அந்த அளவுக்கு ஏறவில்லை. அவர் போட்ட கணக்கோடு மற்றவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் கேட்கச் சொன்ன கேள்வியை யாராலும் தள்ள முடியவில்லை: எவ்வளவு விளைந்தது என்பதோடு நிற்காமல், யாரால் வாங்க முடிந்தது என்றும் கேள்.

விளைச்சல் கொஞ்சம் குறைந்தால் விலை ஏன் அவ்வளவு எகிறுகிறது? சட்டை விலை ஏறினால் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. எல்லோரும் பழைய அளவுக்கே வாங்கப் பார்ப்பார்கள். அதனால் குறைந்துபோன சிறு பங்கை யாராவது விட்டுக்கொடுக்கும் வரை விலை ஏறிக்கொண்டே போகும். விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஏழைதான். இங்கிலாந்தில் கிரெகரி கிங் என்பவர் பெயரில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, 1699-ல் அச்சானது. அறுவடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பாதியாகக் குறைந்தால் பழைய விலைக்கு மேலே அதைப்போல நாலரை மடங்கு ஏறிவிடும் என்கிறது. 300 வருடத்துக்கு முந்தைய எண்களை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த வளைவின் போக்கு இன்றும் அதுதான்.

இதற்குமேல் இன்னொரு சிக்கல் உண்டு. உலக விலை என்று நாம் சொல்வது, உலகில் விளைவது முழுவதற்குமான விலை இல்லை. எல்லையைத் தாண்டி விற்கப்படும் பங்கின் விலை அது. அரிசியில் அந்தப் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். கோதுமையில் நாலில் ஒன்று. அந்த மெல்லிய பங்கின் மேல் ஒரு பெரிய நாட்டு அரசு கை வைத்தால் சந்தை மொத்தமும் ஆடிப்போகும்.

அதற்கு 2008-ல் அரிசிக்கு நடந்ததை விடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2007-08-ல் உலக அரிசி விளைச்சல் அதுவரை இல்லாத உச்சம். பஞ்சமே இல்லை. கோதுமை ஏறியிருந்தது, எண்ணெய் ஏறியிருந்தது. அந்தப் பயத்தில் இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, வியட்நாமும் கட்டுப்படுத்தியது. பெரிய இறக்குமதி நாடான பிலிப்பைன்ஸ், இனி கிடைக்காது என்று பயந்து, கேட்ட விலைக்கு வாங்க டெண்டர் மேல் டெண்டர் விட்டது. ஜனவரியில் டன் 400 டாலரை ஒட்டி இருந்த தாய்லாந்து அரிசி, மே மாதத்துக்குள் 1,000 டாலரைத் தொட்டது. சிறு வியாபாரியும் வீட்டுக்காரரும் கூட ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி வைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் செய்தது சரியாகத்தான் பட்டது. ஹைட்டியில் சாப்பாட்டு விலைக் கலவரத்துக்குப் பின் ஏப்ரலில் பிரதமரே பதவி இழந்தார்.

அந்த விலை இறங்கிய விதத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைக்காக இறக்குமதி செய்த வெளிநாட்டு அரிசியை ஜப்பான் கிடங்குகளில் வைத்திருந்தது, 15 லட்சம் டன் அளவுக்கு. அதைப் பிலிப்பைன்ஸுக்கு விடுவிக்கத் தயார், அமெரிக்காவும் தடை சொல்லாது என்ற செய்தி மே மாதம் வெளியானது. வந்த உடனே விலை சரிய ஆரம்பித்தது. அந்த அரிசி உண்மையில் பெரிதாக நகரவே இல்லை. அரிசி இருக்கிறது, கிடைக்கும் என்ற பேச்சே போதுமானதாக இருந்தது. இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் விலையை ஏற்றியிருந்தது. ஏறிய அந்தக் கொஞ்ச மாதங்களில் எத்தனை வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடு நின்றிருக்கும் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

ஏற்றுமதியைத் தடை செய்யும் அரசுகளின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. தன் மக்களுக்கு முதலில் சோறு போடு என்று ஓட்டுப் போட்டவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ஒருவர் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரரும் சாத்துகிறார். கடைசியில் தெருவில் நிற்பவர் விளைநிலம் இல்லாதவர், இறக்குமதியை நம்பியே வாழ்கிறவர். உலக வங்கிப் பொருளாதார அறிஞர்கள் பின்னால் கணக்குப் பார்த்தபோது, 2006 முதல் 2008 வரை ஏறிய அரிசி விலையில் ஏறக்குறைய 45 சதவீதம் இப்படி நாடுகள் தங்களைக் காத்துக்கொள்ள எடுத்த நடவடிக்கைகளால் வந்தது என்று சொன்னார்கள். பாடம் படித்தோமா? 2010 ஆகஸ்டில் வறட்சியும் காட்டுத்தீயும் வந்தபோது ரஷ்யா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதமே மொசாம்பிக்கில் ரொட்டி விலைக் கலவரம். 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்றரை வாரத்தில் அந்தத் தடையை எடுக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் பழக்குலைகளுக்கு விலை கிடைக்காமல் அவர்களுடைய விவசாயிகளே தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதே வருடம் மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியையும் நிறுத்தியது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு நாட்டிலிருந்து.

இப்போது 2022-க்கு வருகிறேன், எங்கள் கப்பலுக்கும்.

பிப்ரவரியில் போர் தொடங்கியபோது உலக கோதுமை ஏற்றுமதியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ரஷ்யா, உக்ரைன் இரண்டும் சேர்ந்து கொடுத்துக் கொண்டிருந்தன. சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் உக்ரைன் மட்டுமே பாதிக்குப் பக்கம். உக்ரைனின் ஒடெசா துறைமுகம் மூடிய நாளில் கருங்கடலில் இருந்த என் நண்பர்கள் அனுப்பிய செய்திகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் விலைக் குறியீடு மார்ச்சில் 160-ஐத் தொட்டது. 2014-16 சராசரியை 100 என்று வைத்த குறியீடு அது, அதன் வரலாற்றிலேயே உச்சம்.

எரிவாயுவும் சேர்ந்தே ஏறியது. தழைச்சத்து உரம் செய்ய அமோனியா வேண்டும், அமோனியா செய்ய எரிவாயு வேண்டும். இன்று உலகில் இருக்கும் மனிதரில் ஏறக்குறைய பாதிப்பேரின் சாப்பாடு இந்தச் செயற்கை உரத்தில் விளைந்தது. எரிவாயு விலை தாங்காமல் ஐரோப்பாவில் உர ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. உரத்தின் அடி உடனே தெரியாது. வாங்க முடியாமல் விவசாயி குறைத்துப் போட்ட உரம் அடுத்த அறுவடையில்தான் முகம் காட்டும். அதனால் செய்தியிலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

ஆனால் கவனியுங்கள்: ஆகஸ்டு மாதம் நாங்கள் சரக்கு ஏற்றியபோது உலகச் சந்தையில் கோதுமை, போருக்கு முந்தைய விலைக்கு ஏறக்குறைய இறங்கி வந்துவிட்டிருந்தது. ஜூலை 22-ல் இஸ்தான்புல்லில் ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று உக்ரைன் தானியத்தை வெளியே விட உடன்படிக்கை ஏற்படுத்தி, ஆகஸ்டு 1-ல் ஒடெசாவிலிருந்து முதல் கப்பல் ‘ரஸோனி’ 26,000 டன் மக்காச்சோளத்தோடு புறப்பட்டிருந்தது. செய்தியில் ‘உணவு விலை குறைகிறது’ என்று தலைப்புகள். பிறகு எங்கள் கப்பல் ஏன் நின்றது?

அங்கேதான் ஃபிட்டர் பையனின் இரண்டாவது கேள்வி. விலைவாசியை அடக்க அமெரிக்க மத்திய வங்கி அந்த மார்ச்சில் வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி டிசம்பருக்குள் நாலு சதவீதத்தைத் தாண்டியது. உலகெங்கும் இருந்த பணம் டாலரை நோக்கி ஓடியது. செப்டம்பரில் டாலரின் மதிப்பு 20 வருட உச்சத்தில். ஒரு நாட்டு நாணயத்தில் 20 கொடுத்தால் ஒரு டாலர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். டன் 400 டாலர் என்றால் 8,000. கோதுமை 320 டாலருக்கு இறங்கியது, நல்ல செய்தி. ஆனால் அதற்குள் ஒரு டாலர் 25 ஆகிவிட்டது. 320-ஐ 25-ஆல் பெருக்குங்கள், அதே 8,000. உலகச் சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த விலை, அந்த நாட்டு மாவு ஆலைக்கு ஒரு காசு கூடக் குறையவில்லை. அதுவும் டாலர் கிடைத்தால்தான். கோதுமையோடு எண்ணெய்க்கும் மருந்துக்கும் பழைய கடன் தவணைக்கும் அதே டாலர்தான் வேண்டும். கஜானாவில் இருப்பதை எதற்கு முதலில் கொடுப்பது என்று மத்திய வங்கியில் யாரோ ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பட்டியலில் எங்கள் கப்பல் 24 நாள் கீழேயே கிடந்தது.

காத்திருப்பதும் சும்மா இல்லை. கப்பலைக் குறித்த நாளில் விடுவிக்காவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டும். எங்களுக்கு நாளுக்கு 20,000 டாலர். 24 நாளுக்கு 4,80,000. 60,000 டன்னுக்கு வகுத்தால் டன்னுக்கு 8 டாலர். ஏற்கெனவே டாலர் இல்லாதவன் தலையில், டாலர் இல்லாத காரணத்துக்காகவே, இன்னும் 8 டாலர். அது கடைசியில் ரொட்டியின் மேல்தான் விழும். ஒருவர் நாளுக்கு 300 கிராம் என்று பார்த்தால் எங்கள் ஹோல்டுகளில் இருந்தது 20 லட்சம் பேருக்கு 100 நாள் சாப்பாடு. டெக்கில் நடக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு காலடியில் இருந்தது.

சரக்கு யாருக்குப் போகும் என்பதை எது முடிவு செய்கிறது என்று முதன்முதலில் எனக்கு உறைத்தது 2011-ல். அப்போது நான் செகண்ட் ஆபீசர், பாதை போடுவது என் வேலை. மிசிசிப்பி ஆற்றில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு ‘ஜிப்ரால்டர் ஃபார் ஆர்டர்ஸ்’ என்று புறப்பட்டோம். அதாவது எங்கே இறக்குவது என்று இன்னும் தெரியாது, ஜிப்ரால்டர் பக்கம் போ, சொல்கிறோம். அட்லாண்டிக் நடுவில் ஒரு துறைமுகத்தின் பெயர் வந்தது. வரைபடத்தில் பாதை போட்டேன். மூன்று நாள் கழித்து இன்னொரு மெயில்: அது வேண்டாம், வேறு துறைமுகம். சரக்கு நடுக்கடலிலேயே கைமாறிவிட்டது. பழைய கோட்டை ரப்பரால் அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டேன். கப்பல் சில டிகிரி திரும்பியது, அவ்வளவுதான். முதலில் சொன்ன ஊரில் அந்த மக்காச்சோளத்துக்காகக் காத்திருந்த தீவன ஆலையோ மாவு மில்லோ என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. யாரும் தப்பு செய்யவில்லை, ஒப்பந்தப்படிதான் எல்லாம் நடந்தது. தானியம் பசி இருக்கும் திசையில் போவதில்லை, பணம் இருக்கும் திசையில் போகிறது என்பதை அந்த அழித்த பென்சில் கோட்டில்தான் முதலில் பார்த்தேன்.

இதே விலையேற்றம் எல்லோரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857-லேயே கண்டு சொன்னது: வருமானம் குறையக் குறையச் செலவில் சாப்பாட்டின் பங்கு கூடும். பணக்கார நாடுகளில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு என்றால், ஏழை நாடுகள் சிலவற்றில் பாதிக்கு மேல். அதோடு இன்னொன்று. பணக்கார நாட்டில் விற்கும் பாக்கெட் ரொட்டியின் விலையில் கோதுமையின் பங்கு மிகச் சிறியது. கூலி, மின்சாரம், விளம்பரம், வாடகை என்று மற்றதெல்லாம்தான் பெரும்பங்கு. கோதுமை இருமடங்கு ஆனாலும் அந்த ரொட்டி சில சதவீதம்தான் ஏறும். ஏழை வீட்டில் வாங்குவது மாவு, தானியம். அதன் விலையில் பெரும்பங்கு தானியமேதான். அங்கே கோதுமை இருமடங்கு என்றால் மாவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறிவிடும். ஏற்கெனவே பாதிச் சம்பளம் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தது. முதலில் முட்டை நிற்கும், அப்புறம் காய் நிற்கும், அப்புறம் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கடைசியில் பெரியவர்களின் இரவுச் சாப்பாடு. புள்ளிவிவரத்தில் பட்டினி என்று பதிவாவது அந்தக் கடைசிப் படி மட்டுமே.

பசித்தவருக்குக் கொடுப்பவர்களும் இதே சந்தையில்தான் வாங்குகிறார்கள். உலக உணவுத் திட்டம் போருக்கு முன்பு தன் தானியத்தில் ஏறக்குறைய பாதியை உக்ரைனிலிருந்து வாங்கியது. நிதி போதாமல் 2022 ஜனவரியிலேயே ஏமனில் 80 லட்சம் பேரின் ரேஷனைக் குறைத்திருந்தார்கள். அதன் மேல் விலையும் ஏறியது. விலை ஏறும்போது தேவை கூடுகிறது, அதே நன்கொடைக்கு வாங்கும் மூட்டை குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

சூதாட்ட வியாபாரிகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். விலை ஏறும் நேரத்தில் அவர்கள் அதை இன்னும் தூக்கிவிடுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று வெளிப்படையாகத் தெரிந்தால் சூதாட இடம் குறையும். 2011-ல் ஜி-20 நாடுகள் ரோமில் ‘அமிஸ்’ என்ற சந்தைத் தகவல் அமைப்பை ஏற்படுத்தியது அதற்காகத்தான். உலகின் கோதுமைக் கையிருப்பில் பாதி அளவு சீனாவில் இருக்கிறது என்கிறார்கள். அது வெளியே விற்பனைக்கு வருவதில்லை. உலகக் கையிருப்பு எவ்வளவு என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள், அதில் எவ்வளவு வாங்கக் கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்குக் கேட்க உரிமை இருந்தால் மூன்றே விஷயங்கள் கேட்பேன். உதவிக்காக வாங்கும் தானியத்தை எந்த ஏற்றுமதித் தடையும் தொடக்கூடாது. உலக உணவுத் திட்டத்தின் கொள்முதலுக்கு 2022-ல் உலக வர்த்தக அமைப்பில் இப்படி ஒரு முடிவு எடுத்தார்கள், அது எல்லா நிவாரணத்துக்கும் நீள வேண்டும். இறக்குமதியை நம்பி வாழும் ஏழை நாடு கோதுமை வாங்க டாலர் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்காமல் கொடுக்க ஒரு நிதி வேண்டும். பன்னாட்டு நிதியம் அந்த செப்டம்பர் கடைசியில் அப்படி ஒரு வழியைத் திறந்தது, ஆனால் தற்காலிகமாக மட்டும். அப்புறம் விலை ஏறும்போது ஏழை வீட்டுக்கு நேராகப் பணம். எல்லோருக்குமான ரொட்டி விலையை அடக்கி வைப்பதை விட அதற்குச் செலவு குறைவு. விளைவிக்கும் விவசாயியும் நஷ்டப்பட மாட்டார்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் ரேடியோவில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறினார், நங்கூரம் தூக்கினோம். ஃபிட்டர் பையன் முன்பக்கம் நின்று சங்கிலிச் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

இறக்க ஒன்பது நாள் ஆனது. கிரேனின் கிராப் ஹோல்டுக்குள் வாயைத் திறந்து விழும், கவ்விக்கொண்டு மேலே வரும், கரையில் நிற்கும் ஹாப்பரில் கொட்டும், கீழே லாரி. ஒவ்வொரு கிராப்பிலும் பல்லிடுக்கில் கொஞ்சம் ஒழுகும். கப்பலுக்கும் ஹாப்பருக்கும் நடுவில் சிமெண்டுத் தரையில் மஞ்சள் கோடு மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போனதும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கையகல விளக்குமாறுகளோடு வந்தார்கள். காவலாளி விரட்டினார், போனார்கள், அவர் திரும்பியதும் வந்தார்கள். அதில் ஒரு பெண் கூட்டியதைத் துணியில் கொட்டி நான்கு முனையையும் பிடித்து உதறினாள், தூசி பறந்தது. உட்கார்ந்து கல்லைப் பொறுக்கினாள். மறுபடியும் உதறினாள். இரண்டு கிலோ இருக்கும்.

கடைசி நாள் சர்வேயர் காகிதம் கொண்டுவந்தார். பில் ஆஃப் லேடிங்கில் இருந்த எடைக்கும் இறங்கிய எடைக்கும் 90 டன் வித்தியாசம். இவ்வளவு பெரிய சரக்கில் சாதாரணம். தூசியாகப் போவது, அளவுக் கருவியின் பிழை, தரையில் சிந்துவது எல்லாம் சேர்ந்தது. எங்கள் தொழிலில் அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு ‘பற்றாக்குறை’ என்றுதான் இருக்கும். 90 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே கேங்வே ஏணிப் பக்கத்தில் அந்தப் பெண் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தாள்.